ருக்கையா இடத்தோளில் சுட்டாள்

முதல் தோட்டாவைச் சுட்டதுமே ருக்கையா மல்லாக்க விழுந்தாள்.

சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம், கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்றில் இருந்தது, பறக்கவிட்ட மண்தட்டைச் சுட்டு உடைக்கிற அந்தத் துப்பாக்கிக் கிளப். வெடிச்சத்தம் பாறையில் மோதித் திரும்புவதற்குள் அவள் புல்தரையில் கிடந்தாள். முக்காடு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கொட்டகையில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

1957ஆம் வருடம் அது. உறுப்பினர்களின் மனைவிமாரும் ஆளுக்கொரு தோட்டா சுட்டுப் பார்க்கலாம் என்று வருடத்துக்கு ஒரு நாள் ‘லேடீஸ் டே’ வைப்பார்கள். எல்லாம் ஒரு வேடிக்கைக்குத்தான். மற்ற பெண்களுக்கெல்லாம் சுட்டதும் தோளில் மெதுவாக உதைக்கிற தோட்டாவைப் போட்டுக் கொடுத்த கோவிந்தசாமி, ருக்கையாவின் முறை வந்தபோது தன் சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டிருந்தார். கட்டட வேலைக் குத்தகைக்காரர் அவர். கிளப்பிலேயே குறி தப்பாத ஆள் என்று பேர் வாங்கியவர். ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தியதும் அவர்தான்.

“அடி பலமா, பாயம்மா? அது பன்னித் தோட்டா லா. ஆம்பளைங்களுக்கே ஆட்டம் குடுத்துரும்.”

ருக்கையாவுக்குத் தோள் தெறித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை விழவிடாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

“அப்ப அதப் பன்னிக்கே வச்சுக்குங்கண்ணே. தட்டுக்குன்னு செஞ்ச தோட்டா இருக்குல்ல? அடுத்த ஞாயித்துக்கெழம அத எடுத்து வைங்க. நான் வர்றேன்.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் கணவர் சாகுல் ஹமீதும் சிரித்தார். அவளை அது உள்ளே தைத்தது.

சாகுல் ஹமீதுக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. உட்லண்ட்ஸில் ஒரு ரம்புத்தான் தோட்டமும் இருந்தது. மரங்களுக்கு நடுவே போட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் வந்து தோண்டித் தின்றுவிட்டுப் போகும். அதற்காகத்தான் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி, லைசன்சும் எடுத்து, நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்குமே என்று கிளப்பிலும் சேர்ந்தார். பன்றி ஒன்றும் சாகவில்லை. கிளப்பில் தட்டு ஒன்றும் அதிகம் உடையவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்வந்தார். நல்ல மனிதர். யாரோடும் மனஸ்தாபம் வராமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ருக்கையாவைக் கட்டிக்கொண்டவருக்கு அது நடக்கிற காரியமில்லை.

அந்த விளையாட்டுக்கு ஸ்கீட் என்று பேர். அரைவட்டத்தின் ஒரு முனையில் உயரமான கூண்டு, மறுமுனையில் தாழ்ந்த கூண்டு. சுடுபவர் வளைவில் ஒவ்வோர் இடமாக நின்று “புல்!” என்று, அதாவது ‘இழு’ என்று இங்கிலீஷில் குரல் கொடுத்தால், டீ சாசர் அளவுள்ள கறுப்பு மண்தட்டு கூண்டிலிருந்து சீறிக்கொண்டு வரும். வெளியே வரும்வரை துப்பாக்கி இடுப்பருகில்தான் இருக்க வேண்டும். வந்த பிறகு தூக்கி, தோளில் வைத்து, துரத்தி, உடைக்க வேண்டும். கண் சிமிட்டும் நேரம்தான்.

அந்த வாரமே ருக்கையா நார்த் பிரிட்ஜ் ரோட்டிலிருந்த துப்பாக்கிக் கடைக்குக் கணவரை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரச் சீனரிடம் மலாயில் கேட்டு, இருக்கிற தோட்டா வகையில் எல்லாம் ஒவ்வொன்று வாங்கிவந்தாள். பின்கட்டில் தாம்பாளங்களைப் பரப்பிவைத்து, தோட்டாவின் வாயை மூடியிருந்த அட்டையைப் பின்னூசியால் நெம்பி, உள்ளேயிருந்த ஈய ரவையைக் கொட்டினாள். வெடிமருந்தைத் தனியே தண்ணீர் வாளியில் போட்டாள்.

நாலாம் நம்பர் தோட்டாவில் இருந்த ரவை குருமிளகு போல உருண்டது. ஒன்பதாம் நம்பரில் இருந்ததோ கடுகு. நம்பர் ஏற ஏற ரவை சிறுக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“இந்தக் கடுகு போயி என்னத்தக் கிழிக்கப் போவுது?” என்றார் சாகுல் ஹமீது.

“எதுக்கு மச்சான் கிழிக்கணும்? அது என்ன பன்னித் தோலா? ஓடுதானே. பட்டாலே ஒடஞ்சிரும்.”

அதோடு விடவில்லை. உட்லண்ட்ஸ் தோட்டத்துக்குப் போய், ஸ்கீட்டில் தட்டு பறக்கிற தூரத்தை நடந்து அளந்து, மூங்கில் சட்டத்தில் பழைய செய்தித்தாளை விரித்துக் கட்டச் சொன்னாள். கணவரை நாலாம் நம்பரால் ஒரு தாளையும் ஒன்பதாம் நம்பரால் ஒரு தாளையும் சுட வைத்தாள். தாள்களைத் தரையில் போட்டு, கையோடு கொண்டுவந்த டீ சாசரை எடுத்து அங்கங்கே வைத்துப் பார்த்தாள். நாலாம் நம்பர் தாளில் பல இடங்களில் சாசருக்கு அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஒன்பதாம் நம்பர் தாளில் எங்கே வைத்தாலும் நாலைந்து ஓட்டை மாட்டியது.

“பாத்தீங்களா? பெரிய ரவைக்கு நடுவுல தட்டு சுகமா பூந்து போயிரும். நீங்க குறி தப்பல மச்சான். தோட்டாதான் தப்பு.”

சாகுல் ஹமீதுக்கு அதைக் கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அடுத்ததாக, இடது குழலின் வாய் குறுகலாக இருப்பதால் ரவை விரியாமல் ஒரே கொத்தாகப் போகிறது, அதைக் கடைக்காரரிடம் கொடுத்துக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும் என்றபோது பதறிப்போனார்.

“அப்பறம் பன்னிய எப்புடிச் சுடுறது?”

“பன்னிக்கு வேலி போடுங்க.”

போட்டார். பன்றித் தொல்லையும் தீர்ந்தது.

ஒரே ஒன்பதாம் நம்பரிலும் மருந்து கூடியது, குறைந்தது என்று இரண்டு தினுசு இருந்தன. கிளப்பில் எல்லோரும் கூடியதைத்தான் கேட்டு வாங்குவார்கள். சத்தமும் உதையும் இருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ருக்கையா குறைந்ததை எடுத்தாள். உதைக்குப் பயந்தால் சுடும் நொடியில் கண் மூடிக்கொள்ளும், மூடிய கண்ணால் எதைப் பார்ப்பது என்பது அவள் கணக்கு. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் கூடு காகிதம். சிங்கப்பூர் ஈரக்காற்றில் அது ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாமல் மல்லுக்கு நிற்கும். அவள் பிஸ்கட் டின் ஒன்றில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, தோட்டாக்களை அதற்குள் அடுக்கி, மூடியைச் சுற்றி மெழுகுத்துணி கட்டினாள்.

தோட்டா சரியாகிவிட்டது. குறிதான் சரியாகவில்லை.

வாக்குக் கொடுத்தபடி அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும், வருஷம் திரும்பியும் போய்க்கொண்டே இருந்தாள். உறுப்பினர் ஒருவர் தன் விருந்தாளியாக ஓர் ஆளைச் சுட அழைத்துவரலாம் என்பது கிளப் வழக்கம். அந்த வழியில்தான் நுழைந்தாள். எல்லோரும் சுட்டு முடித்து, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அவளைக் கூப்பிடுவார்கள். காத்திருந்தாள். சுட்டாள். தட்டு ஒரு கீறலும் இல்லாமல் போய்ப் புல்லில் விழும். பொம்பளைக் கண்ணுக்கு வேகம் பிடிபடாது என்றார் கோவிந்தசாமி.

அவள் அதை நம்பவில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீனின் செவுளை எட்ட நின்றே பார்த்து நல்லது கெட்டது சொல்கிற கண் அது. தப்பு வேறெங்கோ இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மாடியில் துணி உலர்த்தும்போது விரல்களை வளையமாக்கி, இரண்டு கண்ணையும் திறந்தபடி பள்ளிவாசல் கோபுரத்து உச்சியை அந்த வளையத்துக்குள் பிடித்தாள். இடது கண்ணை மூடினாள். உச்சி வளையத்தை விட்டு ஓடிவிட்டது. வலது கண்ணை மூடிப் பார்த்தாள். அது நடுவில் அப்படியே நின்றது.

வலது தோளில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இடது கண்ணால் குறி பார்த்திருக்கிறாள். பின்னே எப்படிப் படும்?

ருக்கையா பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் அடி, புத்தகத்தைத் தொட்டால் அடி, யாருக்காவது எதையாவது நீட்டினால் அடி. அடித்து அடித்தே வலக்கைக்கு மாற்றியிருந்தார்கள். கையை மாற்ற முடிந்தவர்களால் கண்ணை மாற்ற முடியவில்லை.

அன்றே துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்றினாள். தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கியோடு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு என்று தூக்கித் தூக்கிப் பழகினாள். கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையைத் தேடிக் குனியக் கூடாது. கட்டைதான் கன்னத்துக்கு வந்து சேர வேண்டும். பிறகு சுவரும் கூரையும் சேருகிற கோட்டில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் குழலை நிறுத்தாமல் ஓட்டினாள். சுட்டதும் குழலை நிறுத்திவிடுவதுதான் அவளுடைய இரண்டாவது குற்றம். பறக்கிற தட்டு நிற்காதபோது துரத்துகிற குழல் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

கணவரின் அக்கா ஹலீமா அவர்களோடுதான் இருந்தார். வாசலில் நின்று இதைப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன புள்ள இது, பீச்சாங்கையால!”

“சாப்புடப் போறதில்ல ராத்தா. சுடத்தான்.”

“இந்த வீட்டுல இதெல்லாம் வழக்கமா?”

“வலக்கையால சுடுறது மட்டும் வழக்கமா, ராத்தா?”

புடவைக் கொசுவமும் முந்தானையும் கட்டையில் சிக்குகின்றன என்று ருக்கையா மலாய்க்காரப் பெண்களைப் போல நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு குரோங் போட்டு, முக்காட்டைப் பின்னூசியால் இறுக்கிக்கொண்டு கிளம்பியபோது ஹலீமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இடத்தோளில் வைத்துச் சுட்ட முதல் ஞாயிறே உயரக்கூண்டுத் தட்டு ஒன்று நடுவானில் கரும்புகையாய்ப் பொடிந்தது. கொட்டகையில் யாரோ குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்ததும் பொடிந்தது.

கிளப்பில் வாய் மூடியதும் தெருவில் திறந்துகொண்டது. பள்ளிவாசல் வாசலில், தேநீர்க்கடையில், கடைக்கு வருகிறவர்களிடத்தில் எல்லாம் ருக்கையா பேச்சுத்தான். துப்பாக்கி தூக்குகிற பெண்டாட்டி வாய்த்த ஜவுளிக்கடைக்காரரைப் பார்க்கவே சிலர் வந்துபோனார்கள். சாகுல் ஹமீது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தபடி சொன்னார்:

“போதும் ருக்கையா. வர்றவன் துணியப் பாக்கல, என் மூஞ்சியப் பாக்குறான். ஆசைக்கு சுட்டாச்சுல்ல, விட்டுரு.”

“நான் விழுந்தப்ப சிரிச்சாங்களே, நீங்களும் சிரிச்சீங்க மச்சான். நான் பாத்தேன்.”

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“தோளு கறுத்துப்போயி ஒரு மாசம் நான் ஒருக்களிச்சுப் படுக்கல. அப்ப எந்தத் தெருவும் வந்து என்னன்னு கேக்கல. இப்ப மட்டும் எதுக்குக் கேக்கணும்? நான் யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு சுடல. உங்க கூட வந்து, உங்க கண்ணு முன்னாலதான் சுடுறேன். புடிக்கலன்னா நீங்க வராதீங்க. நான் பஸ்ஸுல போறேன்.”

துப்பாக்கியோடு பஸ்ஸில் போக முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சாகுல் ஹமீது எழுந்து கை கழுவிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பிஸ்கட் டின்னோடு படியிறங்கியபோது கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பின் சீட்டில் வைத்திருந்தார்.

1961ல் கிளப்பின் வருடாந்தரக் கோப்பைப் போட்டி வந்தது. ருக்கையாவும் சுட வேண்டும் என்றாள். கமிட்டி கூடிப் பேசியது. முடிவைச் சொல்லக் கோவிந்தசாமி வந்தார். அப்போது அவரும் கமிட்டியில் இருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, பாயம்மா. நீங்க மெம்பர் இல்ல. எல்லாரும் முடிச்சப்பறம் வேணும்னா சுடுங்க. ஆனா பலகையில பேரு எழுத முடியாது, ஸ்கோரும் எழுத முடியாது.”

“எழுதாதீங்கண்ணே. ஒடையிற தட்டப் பாக்காம இருக்க உங்களால முடியுமா?”

போட்டியன்று விடிந்ததிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்தது. குவாரிப் பாறையெல்லாம் ஈரம் வழிந்தது. கோவிந்தசாமி தோட்டாக்களைத் தோல் பையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தார். மூன்றாவது இடத்துக்கு வந்தபோதே காகிதக்கூடு ஊதிக்கொண்டது. ஒரு தோட்டா குழலுக்குள் பாதி போய்ச் சிக்கியது. பிடுங்கியெறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தார், அதுவும் நுழையவில்லை. அவருக்கு முன்னால் சுட்டவர்களும் அதே அவதியைத்தான் பட்டிருந்தார்கள். நடுவராக இருந்த வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கொட்டகையிலிருந்து ருக்கையா எழுந்தாள். பிஸ்கட் டின்னின் மெழுகுத்துணியை அவிழ்த்துக்கொண்டே மழைக்குள் நடந்துபோய் அவர் முன்னால் நீட்டினாள்.

“எடுங்கண்ணே. காஞ்சது.”

கோவிந்தசாமி அவள் முகத்தைப் பார்த்தார். “எனக்கு எதுக்குக் குடுக்குறீங்க?”

“அந்த பாயம்மா நனைஞ்ச தோட்டாவத்தான் ஜெயிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. நீங்க நல்லாச் சுடணும். அதுக்குத்தான்.”

அவர் காது சிவந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டார். மருந்து குறைந்த தோட்டா கைக்குப் பழக்கமில்லாததால் முதலில் ஒன்றைத் தவறவிட்டார். பிறகு பிடித்துக்கொண்டார். எப்படியும் நன்றாகச் சுடுகிறவர்தான். இருபத்தைந்து தட்டில் இருபத்திரண்டு உடைத்தார். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் போகவில்லை. கோப்பை அவருக்கென்று முடிவாகி, கைகுலுக்கலும் ஆயிற்று. சிலர் குடையை விரித்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ருக்கையாவின் “புல்!” கேட்டது.

கிளம்பியவர்கள் நின்றார்கள். முதல் தட்டு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. அவள் அடுத்த இடத்துக்கு நடந்தாள். பலகையருகே சாக்குக்கட்டியோடு நின்றவர் எழுதவில்லை. ஆனால் நடுவர் உடைந்த ஒவ்வொரு தட்டுக்கும் பழக்கத்தில் “டெட்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பாறை அதைத் திருப்பிச் சொன்னது. நான்காவது இடத்தில் மழைத்துளி இமையில் விழுந்து ஒன்று தவறியது. தவறிய தட்டுக்குரிய “லாஸ்ட்” என்றார் நடுவர். கொட்டகையில் ஒரு பெருமூச்சு. அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்பட்டால் குழல் நின்றுவிடும் என்பது தெரியும். மூச்சு நிதானப்பட்ட பிறகே குரல் கொடுத்தாள். உடைந்தது. ஆறாவது இடத்தில் இன்னொன்று தவறியது. அது அவள் தப்பு, தட்டை விட்டுவிட்டுக் குழலைப் பார்த்துவிட்டாள். தன்னையே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

கடைசி இடம் இரண்டு கூண்டுகளுக்கும் நட்டநடுவில். அங்கே தட்டு கிட்டத்தட்டத் தலைமேலேயே பாய்ந்து வரும். துரத்த நேரம் கிடையாது. ருக்கையா குரல் கொடுத்தாள். கட்டை தானாக வந்து இடக்கன்னத்தில் ஒட்டியது. உயரக்கூண்டுத் தட்டு அவள் தலைக்கு முன்னால் பொடியாகி, தூள் மழையோடு சேர்ந்து முக்காட்டில் விழுந்தது. தாழ்ந்த கூண்டுத் தட்டும் அதே கதிதான். மிச்சமிருந்த கடைசித் தட்டையும் அங்கேயே நின்று உடைத்தாள்.

இருபத்து மூன்று. பலகை வெறுமையாக இருந்தது. ஆனால் அங்கே நின்ற ஒவ்வொருவர் வாயும் அந்த எண்ணை முணுமுணுத்தது. சாகுல் ஹமீது மட்டும் குடையைக் கீழே போட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி, அடக்கமாட்டாமல் கை தட்டினார். மனஸ்தாபம் வருமே என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை.

“இன்னிக்குக் காத்து உங்க பக்கம், பாயம்மா” என்றார் கோவிந்தசாமி.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் என் பக்கந்தாண்ணே வீசும். வந்து பாருங்க.”

கோப்பையை அவர்தான் வீட்டுக்கு எடுத்துப்போனார். திருப்பித் தர வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஆனால் அதன்பிறகு கிளப்பில் பாதிப் பேர் மருந்து குறைந்த ஒன்பதாம் நம்பருக்கு மாறினார்கள். யாரைப் பார்த்து மாறினோம் என்று ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, வெள்ளைக்கார உறுப்பினர்கள் ஒவ்வொருவராய் ஊர் திரும்பியதில் கிளப்புக்கு ஆள் குறைந்தது. பெண்களையும் சேர்க்கலாம் என்று கமிட்டி தீர்மானித்து, பெரிய சலுகை தருகிற தோரணையில் அவளுக்குச் சொல்லியனுப்பியது. ருக்கையா நன்றி சொல்லவில்லை. “இவ்வளவு நாளாச்சா?” என்று மட்டும் கேட்டாள். 1964ல் கலவரமும் ஊரடங்கும் வந்தபோது துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். குவாரிக்குப் பூட்டு விழுந்தது. அவள் வீட்டிலிருந்த உலக்கையை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். ஹலீமா இப்போது கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கை தாழ்கிறது, இன்னும் மேலே தூக்கு என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

1966ல், மலேசியாவிலிருந்து நாடு தனியாகி ஒரு வருஷம் போல ஆனபோது, ருக்கையா தன் பேரிலேயே ஒரு துப்பாக்கிக்கு லைசன்ஸ் கேட்டாள். கணவருடையதே இருக்கிறதே என்றார்கள். அது அவருடையது, வலத்தோளுக்குச் செதுக்கிய கட்டை, எனக்கென்று ஒன்று வேண்டும் என்றாள். போலீஸ் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு தமிழ் இளைஞர். மேலும் கீழும் அவளைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்:

“தோட்டத்துக் காவலுக்காம்மா?”

“இல்ல தம்பி. தோட்டத்துக்கு வேலி இருக்கு.”

“வீட்டுப் பாதுகாப்புக்கா? உங்க வீட்டுக்காரருக்கு வேணும்னா அவரு பேருல—”

“எனக்குத்தான் வேணும்.”

“எதுக்குன்னு சொல்லணும் லா. காரணம் இல்லாம குடுக்க மாட்டாங்க.”

“தட்டு ஒடைக்க.”

அவர் பேனா நின்றது. “யாரு வீட்டுத் தட்டு?”

ருக்கையா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவசரமில்லை, விளங்குகிற வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுவது என்று முடிவு பண்ணிவிட்டு, உயரக்கூண்டிலிருந்து ஆரம்பித்தாள்.